வேகம் குறையும்போது எழுந்த ‘டொக்’: கோண்டாவில் ஒழுங்கைக் கராஜ் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

கோண்டாவிலில், பலாலி வீதியிலிருந்து கிழக்குப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையின் உள்ளே, பெயர்ப்பலகை எதுவும் இல்லாத ஒரு சிறிய கராஜ் இருக்கிறது. இரண்டு தென்னைகளுக்கும் ஒரு பழைய மதிலுக்கும் நடுவே தகரக் கூரை போட்ட அந்த இடத்தில் மூன்று வாகனங்களுக்கு மேல் நிறுத்த முடியாது. என் காரில் நான்கு மாதங்களாக இருந்துவந்த ஒரு சத்தத்துக்கு அங்கேதான் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. அதை எவ்வாறு கண்டுபிடித்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள், எங்கே எனக்குக் குறை தோன்றியது என்பவற்றை விவரமாக எழுதுகிறேன். “வேகம் குறையேக்கை ஏதோ சத்தம் வருது” என்று சொல்லிக்கொண்டு கராஜ் கராஜாக ஏறி இறங்குபவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இது பயன்படக்கூடும்.

என்னுடையது 2004 ஆம் ஆண்டுத் தயாரிப்பான ரொயோட்டா கொரோலா 121, ஓட்டோ கியர். கொக்குவிலிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, தீவுப் பக்கத்திலுள்ள வேலணையில் நான் கற்பிக்கும் பாடசாலைக்கு வாரத்தில் ஐந்து நாள் போய்வருகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த இடைக்காலத்தில் கையிலிருந்த பழைய காரைக் கைவிடாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இறக்குமதி திறந்த பின்னரும், ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் புதிய வாகனம் எட்டுகிற தூரத்தில் இல்லை. ஆகவே இந்தக் காரில் எழும் ஒவ்வொரு சத்தமும் எனக்குப் பெரிய விடயமே.

சத்தத்தை முதலில் கவனித்தவள் பின்னாசனத்தில் இருந்த என் மகள். “அப்பா, கார் நிக்கேக்கை கீழ ஏதோ தட்டுது” என்றாள். அதன் பிறகுதான் எனக்கும் அது கேட்கத் தொடங்கியது. ஓடும்போது எதுவும் இல்லை. சந்திகளில் பிரேக்கை அழுத்தி, கார் முற்றாக நிற்பதற்குச் சற்று முன்னர், இடது பக்கம் அடியிலிருந்து ஒரேயொரு ‘டொக்’ எழும். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் அதைவிட மெல்லிய இன்னொரு தட்டல் கேட்கும். ஓர் உலக்கையை மண் தரையில் மெதுவாக வைத்தது போன்ற, உலோகத்தின் கணீரென்ற தன்மை இல்லாத, கனமான ஒலி அது.

நகரிலுள்ள வேறொரு கராஜுக்கு முதலில் கொண்டுபோனேன். வேகம் குறையும்போது சத்தம் என்று நான் சொன்ன வார்த்தை முடிவதற்குள் “அப்ப பிரேக்தான்” என்று தீர்மானித்துவிட்டார்கள். முன் பிரேக் கட்டைகள் இரண்டு பக்கமும் மாற்றப்பட்டன. அந்தக் கட்டைகள் இறுகப் பிடிக்கும் வட்டத் தகடுகளான டிஸ்க்குகள் லேத்தில் கடையப்பட்டன. எல்லாமாக 26,500 ரூபா ஆனது. மறுநாள் காலை பண்ணைப் பாலத்தில் மாடு ஒன்று குறுக்கே வர, பிரேக்கை அழுத்தினேன், அதே ‘டொக்’. அத்தோடு, முன்பு இல்லாத புதிய சத்தமும் ஒன்று சேர்ந்திருந்தது. மெதுவாகப் போகும்போது சில்லு சுற்றுகிற கணக்குக்கு ஏற்ப ‘சிரீக்… சிரீக்…’ என்று தகட்டில் தகடு உரசும் ஒலி. திரும்பவும் அங்கே போனபோது, புதிய கட்டை பழக வேண்டும், ஐந்நூறு கிலோமீற்றர் ஓடட்டும் என்றார்கள். புதிய கட்டைகளும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிந்துகொள்வதற்குச் சிறிது ஓட்டம் தேவை என்பது உண்மைதான். ஆனால் கட்டை மாற்றுவதற்கு முன்பே இருந்த தட்டலுக்கு அது விளக்கமாகாது. ஐந்நூறும் ஓடி, ஆயிரமும் ஓடி முடிந்தது, சத்தம் குறையவில்லை.

சக ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் கோண்டாவில் கராஜுக்கு வந்தேன். அதை நடத்துபவர் அறுபதைத் தாண்டியவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றே அழைக்கிறோம். கூடவே இரண்டு இளைஞர்கள் வேலை பழகுகிறார்கள். நான் போனது ஒரு சனிக்கிழமை காலை. என் முறை வந்து, வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பொனற்றைத் திறக்காமல், என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

“காலை அக்சிலேற்றரில இருந்து எடுத்த உடனையோ மாஸ்டர், இல்லை பிரேக் அமத்தினாப் பிறகோ?”

பிரேக் அழுத்திய பிறகுதான் என்றேன். ஒருமுறையா, தொடர்ந்தா? சில்லோடு சேர்ந்து சுற்றுகிற சத்தமா, தனித்த சத்தமா? காலையில் முதல் ஓட்டத்திலா, சூடேறிய பிறகா? வளைவில் கூடுகிறதா? ஆள் ஏறினால் மாறுகிறதா? பின்னுக்கு எடுத்து நிறுத்தும்போதும் வருகிறதா? கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நான்கு மாதங்களாகத் தினமும் அந்தக் காரை வீட்டு முற்றத்தில் பின்னுக்கு எடுத்தும், அதை நான் கவனித்திருக்கவில்லை. “அப்ப போய்க் கேப்பம்” என்று சொல்லி முன்னாசனத்தில் ஏறிக்கொண்டார். கருவி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு கண்ணாடிகளையும் இறக்கச் சொன்னார்.

அந்த ஓட்டம் இருபது நிமிடம் நீடித்தது. இந்த மதிப்பீட்டை நான் எழுதுவதற்கு அந்த இருபது நிமிடமே முதற்காரணம். பலாலி வீதியில் சிறிது தூரம் போனபின், இரு பக்கமும் உயர்ந்த மதில் உள்ள ஓர் ஒழுங்கைக்குள் திருப்பச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். மதில் சத்தத்தைத் திருப்பித் தரும், வெளி வீதியில் அது சிதறிப்போகும், கிடுகு வேலி என்றால் விழுங்கிவிடும் என்றார். சொன்னது போலவே, பெருந்தெருவில் எனக்கு ஒரே குழப்பமாகக் கேட்ட ஒலி, மதிலோரத்தில் இடது முன் பக்கத்தினது என்று பிரித்தறியக்கூடியதாக இருந்தது. தகட்டு உரசல் வேறு, தட்டல் வேறு, இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தாலும் ஒரே நோய் அல்ல என்பதையும் அங்கேதான் சொன்னார்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனைகள். முதலில் நாற்பதில் ஓட்டி, நியூட்ரலில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் கார் தானாக வேகம் குறைய விட்டோம். தட்டல் வரவில்லை. சில்லுப் பேரிங் தேய்ந்திருந்தால் வேகத்தோடு கூடிக் குறையும் ஓர் இரைச்சல், பிரேக்கைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் கேட்டிருக்கும். வளைவில் ஒரு பக்கம் பாரம் ஏறும்போது அது கூடியிருக்கும். அப்படி எதுவும் இல்லாததால் பேரிங் பட்டியலிலிருந்து நீங்கியது. அடுத்து, நியூட்ரலிலேயே பிரேக் அழுத்தச் சொன்னார். தட்டல் வந்தது. கியர் பூட்டியிருக்கும்போது மட்டும் வந்திருந்தால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகளைச் சந்தேகிக்கலாம். சில்லுக்கு விசை போகாத நிலையிலும் வருவதால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் குறைந்தது என்றார். புறப்படும்போது தமக்கு மவுண்டின் மேல்தான் சந்தேகம் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மூன்றாவது சோதனை எனக்குப் புதியது. ஒழுங்கையில் முன்னும் பின்னும் யாரும் இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, இருபதுக்கும் குறைந்த வேகத்தில், கைப்பிரேக்கின் பொத்தானை விடாமல் அமத்தியபடி அவரே அதை மெதுவாக இழுத்துக் காரை நிறுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. என் காரில் கைப்பிரேக் பின் சில்லுகளின் டிரம்மை மட்டுமே பிடிக்கும். கால் பிரேக்குக்கு வருவது கைப்பிரேக்குக்கு வராவிட்டால் தேட வேண்டிய இடம் முன் பக்கம். இதை ஓட்டம் நிறைந்த வீதியில் யாரும் செய்துபார்க்கக் கூடாது என்று எனக்கு இரண்டு தடவை சொன்னார். நானும் அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான்காவதாக, ஒரு வேகத்தடையின் மேல் பிரேக் தொடாமல் ஏறி இறங்கினோம். பிறகு பிரேக்கை மிக இலேசாகத் தொட்டபடியே அதே வேகத்தடையைக் கடந்தோம். கட்டைகளை அசையாமல் பிடிக்கும் கிளிப்புகள் தளர்ந்திருந்தால் முதல் தடவை கலகலத்து, இலேசாகப் பிரேக் பிடித்ததும் அடங்கிவிடும். எங்களுக்கு முதல் தடவையே கலகலப்பு இல்லை. சொக் அப்சோபர் பக்கத்துக் கோளாறாக இருந்தாலும் மேட்டில் ஏறும்போது காட்டியிருக்கும். கடைசியாகப் பின்னுக்கு எடுத்துப் பிரேக் அழுத்தினேன்: ‘டொக்’. முன்னுக்குப் போய்ப் பிடித்தேன்: ‘டொக்’. மறுபடியும் பின்னுக்கு: ‘டொக்’. திசை மாறும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் வந்தது. “முன்னுக்கும் பின்னுக்கும் என்னவோ நகருது” என்றார் அண்ணை. அதுவரைக்கும் ஒரு நட்டைக்கூட அவர் கழற்றவில்லை.

கராஜுக்குத் திரும்பியதும் அந்த நகர்வை என் கண்ணாலேயே காட்டினார். காரைச் சமதரையில் நிறுத்தி, பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, என்னை ஓட்டுநர் ஆசனத்திலேயே இருக்கச் சொன்னார். பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடித்தபடி கியரை முன்னோட்டத்துக்கும் ரிவேர்ஸுக்கும் மாறி மாறிப் போட வேண்டும். வேலை பழகும் இளைஞர்களில் ஒருவர் இடது முன் சில்லருகே பக்கவாட்டில் குந்தி, ரயருக்கும் மட்காட்டின் விளிம்புக்கும் இடையிலுள்ள இடைவெளியில் தன் விரலை அளவுக்கு வைத்துப் பார்த்தார். பிறகு நான் இறங்கி, அவர் ஏறி, அதே வேலையைச் செய்ய, நான் குந்திப் பார்த்தேன். ரிவேர்ஸில் போட்டதும் சில்லு முன்னே வந்தது. முன்னோட்டத்தில் போட்டதும் பின்னே போனது. போய் முடியும் இடத்தில் ‘டொக்’. கால் அங்குலமாவது இருக்கும். பிரேக் இறுகப் பிடித்த ஒரு சில்லு, சுற்றாமல், இருந்த இடத்தோடு முன்னும் பின்னும் நகர்வதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வலது பக்கச் சில்லில் அந்த அசைவு கண்ணுக்குத் தெரியவில்லை.

ஜக் போட்டுத் தூக்கி, தாங்கிகளின் மேல் இறக்கிய பின்னர், சில்லைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ்க் கையான லோவர் ஆமின் பின் முனையை, சிறிய அலவாங்கு ஒன்றால் மெதுவாக நெம்பினார். அங்கேயுள்ள றப்பர் புஷ் பாதி வட்டத்துக்குமேல் கிழிந்து, உள்ளிருக்கும் இரும்புக் குழலிலிருந்து பிரிந்து, வாய் திறந்து மூடியது. கிழிசலின் உள்ளே மண்ணும் உப்பும் சேர்ந்த வெள்ளைப் படிவு. பிரேக் பிடிக்கும்போது சில்லைத் தரை பின்னுக்கு இழுக்கிறது; காரின் உடலோ முன்னுக்கே போகப் பார்க்கிறது. அந்த இழுபறியின் பெரும்பகுதியைத் தாங்கி, றப்பரின் நெகிழ்வால் ஆற்றிவிடுவது அந்தப் புஷ்தான். அது கிழிந்தால் லோவர் ஆம் தன் இடத்திலிருந்து நழுவி இரும்போடு இரும்பு முட்டும். காலை எடுத்ததும் பழைய இடத்துக்கு வரும். அதுவே இரண்டாவது மெல்லிய தட்டல். இடது ரயரின் உட்பக்க விளிம்பு வலதைவிடத் தேய்ந்திருந்ததையும், அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது கார் சற்று இடப்பக்கம் இழுத்ததையும் நான் வீதியின் சாய்வென்று நினைத்திருந்தேன். மூன்றும் ஒரே கிழிசலின் விளைவுகள். இவ்வளவு நாளும் மகளை ஏற்றிக்கொண்டு பாலத்தில் எழுபதில் போயிருக்கிறேன் என்பதை நினைக்க எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

தகட்டு உரசலின் கதை சிறியது. டிஸ்க்கின் உட்பக்கத்தில் தூசியும் கல்லும் போகாமல் தடுக்கும் ஒரு மெல்லிய தகடு உண்டு. கட்டை மாற்றிய வேளையில் அது உட்புறமாக வளைந்து, டிஸ்க்கின் ஓரத்தில் ஓரிடத்தில் தொட்டுக்கொண்டிருந்தது. டிஸ்க்கின் விளிம்பில் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருந்தது. அண்ணை இரண்டு விரலால் அந்தத் தகட்டை வெளிப்புறமாக இழுத்துவிட்டு, சில்லைக் கையால் சுற்றிக் காட்டினார். சத்தம் போய்விட்டது. அதற்குப் பணம் கேட்கவில்லை. எங்கள் ஒழுங்கைகளின் சுண்ணக்கல் சல்லி அந்த இடுக்கில் சிக்கினாலும் இதே சத்தம் வரும் என்றும், காரை ரிவேர்ஸில் சிறிது ஓட்டினால் சில வேளை அது தானே விழுந்துவிடும் என்றும் சொன்னார்.

வேலை நடக்கும்போது நான் அவரிடம், எதையும் கழற்றாமல் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்க எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். “அப்ப சாமான் இல்லை மாஸ்டர். கழட்ட முன்னம் யோசிக்க வேணும்” என்றார். அவர் தொழில் பழகியது தொண்ணூறுகளில். பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராமல், துளிப் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய பழைய ஆங்கிலக் கார்கள் யாழ்ப்பாணத்தின் வீதிகளில் இருந்த காலம் அது. என் வயதுக்காரர்களுக்கு அந்தப் புகையின் மணம் இன்னும் நினைவிருக்கும். உதிரிப்பாகம் கிடைக்காத ஊரில், இதுவாக இருக்கலாம் என்று ஒன்றை மாற்றிப் பார்த்து, இல்லையென்றால் இன்னொன்றை மாற்றிப் பார்க்கிற வசதி யாருக்கும் இல்லை. ஒரு புஷ் வேண்டுமென்றால் பழைய ரயரை வெட்டிச் செய்ய வேண்டும்; செய்வதற்கு முன்னர் பழுதானது அந்தப் புஷ்தானா என்று உறுதியாகத் தெரிய வேண்டும். இன்று எல்லாச் சாமானும் கொழும்பிலிருந்து ஓர் இரவில் வந்துவிடுகிறது. அதனாலேயே சந்தேகத்துக்கு மாற்றிப் பார்க்கும் பழக்கமும், அதற்கு வாடிக்கையாளரின் பணத்தைச் செலவழிக்கும் பழக்கமும் வந்துவிட்டன. நான் முதலில் கொடுத்த 26,500 ரூபா அந்தப் பழக்கத்தின் விலை. இந்தக் கராஜின் பெறுமதி, இல்லாமையில் கற்ற ஒழுங்குமுறையை வசதி வந்த பின்னரும் அவர் விடாமல் வைத்திருப்பதில் இருக்கிறது.

அன்று என்னோடு காத்திருந்த வேறு இரண்டு வாகனங்களும் இதே வகைப் புகாரோடு வந்தவை. ஒன்று வாடகைக்கு ஓடும் டொல்பின் வான். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் பின்னாலிருந்து ‘ஊ’ என்று நீண்ட இரைச்சல். மறுபடி அழுத்தினால் நின்றுவிடும். பிரேக்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. விசை கொடுக்கும்போது, எஞ்சினின் விசையைப் பின் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் பற்சக்கரங்களின் ஒரு முகம் பாரம் தாங்கும், காலை எடுத்தால் சில்லு திருப்பித் தள்ள மறு முகம் தாங்கும். அந்த மறு முகமோ பினியன் பேரிங்கோ தேய்ந்தால் வேகம் குறையும்போது மட்டும் இரையும். மற்றது எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஒரு வாகன் ஆர் ஹைபிரிட் கார். அதன் உரிமையாளர், பிரேக் தொடும்போது எழும் மெல்லிய ரீங்காரத்துக்காக வந்திருந்தார். மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறிப் பற்றரிக்கு மின்சாரம் அனுப்பும்போது அப்படி ஓர் ஒலி எழுவது இயல்பு. அண்ணை அவரது காரையும் ஒரு சுற்று ஓட்டிக் கேட்டுவிட்டு, பழுது ஒன்றும் இல்லை என்று காசு வாங்காமல் அனுப்பினார். அதைப் பார்த்த பிறகு, என் காருக்கு அவர் என்ன சொன்னாலும் நம்பலாம் என்று எனக்குள் தீர்மானமாயிற்று.

பழுதைத் திருத்த எனக்கு இரண்டு வழிகள் சொன்னார். லோவர் ஆம் முழுவதையும் மாற்றுவது ஒன்று. புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் கழற்றிப் புதியது ஏற்றுவது மற்றொன்று. லோவர் ஆமைச் சில்லுப் பக்கத்தோடு பிணைக்கும் உருண்டை மூட்டான போல் ஜொயின்ற் இறுக்கமாக இருந்ததால் புஷ் போதும் என்றும், வலது பக்கமும் ஒரே வயதுடையது என்பதால் இரண்டையும் சேர்த்து மாற்றினால் சில்லுகளின் கோணத்தைச் சரிபார்க்கும் எலைன்மென்ட் செலவு ஒருமுறையோடு முடியும் என்றும் விளக்கினார். வலது புஷ்ஷிலும் நூலிழையாக வெடிப்பு ஆரம்பித்திருந்ததைக் கைவிளக்கால் காட்டிய பின்னரே அதைச் சொன்னார். புஷ்கள் யாழ்ப்பாணத்துக் கடைகளில் அன்று கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சலாக வரவேண்டியிருந்தது.

பூட்டும்போது நான் கவனித்த ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். ஆமின் போல்ட்டுகளைக் கார் தூக்கியிருந்த நிலையில் அவர் கடைசி இறுக்கம் இறுக்கவில்லை. சில்லைப் பூட்டி, காரைத் தரையில் இறக்கி, முன் பக்கத்தை நாலைந்து முறை அமத்தி எழவிட்டு, பாரம் தன் இடத்துக்கு வந்த பிறகே கீழே படுத்து இறுக்கினார். தூக்கிய நிலையில் இறுக்கினால் றப்பர் முறுக்கியபடி நிற்கும். இறக்கியதும் அந்த முறுக்கோடே ஓடி, காலத்துக்கு முன்னரே கிழியும். வேலை பழகும் இளைஞருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபடியே செய்தார். அவசரமாகச் செய்யும் இடங்களில் முதலில் கைவிடப்படுவது இந்த ஐந்து நிமிட வேலையாகத்தான் இருக்கும்.

செலவு விவரம்: புஷ் ஒன்று 4,200 ரூபாவாக இரண்டுக்கு 8,400, கூலி 6,500, பார்சல் 400, வெளியே எலைன்மென்ட் 3,000. எல்லாமாக 18,300 ரூபா. சாமான் கடையின் பற்றுச்சீட்டை அப்படியே என்னிடம் தந்தார், கழற்றிய பழைய புஷ்கள் இரண்டையும் ஒரு பையில் போட்டுத் தந்தார். ஓட்டிப் பார்த்த இருபது நிமிடத்துக்குத் தனியாக எதுவும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தாலும் மனதோடு கொடுத்திருப்பேன். கண்டுபிடிப்பதற்குக் கட்டணம் வாங்குவதில் தவறில்லை என்பதும், மாற்றிய சாமானுக்கு மட்டுமே காசு என்ற எங்கள் மனப்பாங்குதான் கராஜ்காரரைச் சாமான் மாற்றத் தூண்டுகிறது என்பதும் என் கருத்து.

குறைகளும் உண்டு. முன்கூட்டி நேரம் குறித்துக்கொள்ளும் ஒழுங்கு அங்கே இல்லை, வந்தவர் வரிசைதான். முதல் நாள் என் முறை வர இரண்டரை மணித்தியாலம் ஆனது. திங்கட்கிழமை முடித்துத் தருவதாகச் சொன்ன வேலை புதன் மாலைதான் முடிந்தது. பார்சல் ஒரு நாள் பிந்தியது அவர் குற்றமல்ல என்றாலும், அதைத் தொலைபேசியில் அறிவித்திருந்தால் நான் செவ்வாய் வீணாக வந்து திரும்பியிருக்க மாட்டேன். அட்டையில் பணம் செலுத்த முடியாது. இருக்க ஒரு வாங்கு மட்டும் உண்டு. மதியத்துக்குப் பின் அதன் மேல் நேரே வெயில் விழும். மழைக்காலத்தில் ஒழுங்கை வெள்ளமாகிவிடும் என்று அயலவர் சொன்னார். கணினிச் சோதனைக் கருவி அவரிடம் இல்லை. பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் விளக்கு எரிகிற கோளாறையும், ஹைபிரிட் அமைப்பின் உள் வேலைகளையும் அவர் ஏற்பதில்லை, தெரிந்தவர்களிடம் அனுப்பிவிடுகிறார். தெரியாததைத் தொடாதது எனக்கு நல்ல குணமாகவே படுகிறது. ஆனால் அத்தகைய தேவை உள்ளவர்கள் வீணாக அலையாமல் இருக்க இதைக் குறிப்பிடுகிறேன்.

அங்கே போக நினைப்பவர்கள் தங்கள் சத்தத்தை இரண்டொரு நாள் கவனித்துவிட்டுப் போவது நல்லது. கண்ணாடிகளை இறக்கி, ரேடியோவை நிறுத்தி, மதிலோரமாக ஓடிக் கேளுங்கள். காலை எடுத்தால் வருகிறதா, பிரேக் தொட்டால் வருகிறதா, பின்னுக்குப் போகும்போதும் வருகிறதா என்பதற்குப் பதில் இருந்தால் அவருடைய வேலை பாதியாகும். தீவுப் பக்கம் போய்வருபவர்களுக்கு ஒரு சொல்: உப்புக் காற்றில் இரவு முழுதும் நின்ற காரின் டிஸ்க்கில் மெல்லிய துரு படியும், காலையில் முதல் சில பிரேக்குகளில் கரகரத்து, பிறகு மறைந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் பிரேக் தொடும்போதெல்லாம் கூர்மையான கிறீச்சிடல் கேட்டால் கட்டை தேய்ந்து, அதிலுள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது என்று பொருள். அதைக் கடந்து அரைக்கும் சத்தமாகிவிட்டால் அன்றே நிறுத்துங்கள், கட்டையோடு டிஸ்க்கும் போய்விடும்.

வேலை முடிந்து இப்போது ஐந்து மாதமாகிறது. தட்டல் இல்லை, இழுவை இல்லை. ரயர்களின் தேய்வை மாதம் ஒருமுறை கையால் தடவிப் பார்க்கிறேன், இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பின் ஒருமுறை காட்டச் சொல்லியிருந்ததால் போனேன். அண்ணை வழக்கம்போல ஏறி இருந்து, அதே மதில் ஒழுங்கைக்குள் திருப்பச் சொல்லி, மூன்று தடவை நிறுத்தச் செய்தார். இரண்டு முன்னோட்டத்தில், ஒன்று ரிவேர்ஸில். மூன்றாவது தடவை மகளும் பின்னாசனத்திலிருந்து தலையை வெளியே நீட்டிக் கேட்டாள். “உமக்கு ஏதும் கேக்குதோ பிள்ளை?” என்று அவளிடம் கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டிய பிறகே, சரி போகலாம் என்று கதவைத் திறந்து இறங்கினார்.